ரயில் கம்பெனிக்குக் காசு எங்கேருந்து வருது?

ரயில் கம்பெனி நடத்துற கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் எது பெஸ்ட்டுன்னு கேட்டால் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். ஒருத்தர் ரெயில்ரோட் டைகூன் என்பார். இன்னொருத்தர் டிரான்ஸ்போர்ட் டைகூன் பக்கத்தில் எதுவும் நிக்காது என்பார். ஜப்பான் பைத்தியம் ஒருத்தர் இருந்தால் ஏ-ட்ரெயின் என்று ஆரம்பிப்பார். அப்புறம் கிராஃபிக்ஸ், சிக்னல், இஞ்சின் எத்தனை வகை, எதிராளிக்கு எவ்வளவு மூளை என்று பேச்சு நீளும்.

எனக்கு வேறொரு கேள்விதான் சுவாரசியமாகப் படுது. ஒவ்வொரு விளையாட்டிலும் வருஷக் கடைசியில் ஒரு வரவு செலவுக் கணக்கு வருமே, அதைப் பாருங்கள். அந்தக் கம்பெனிக்குக் காசு எங்கேருந்து வந்தது? டிக்கெட்டிலா, ஷேர் மார்க்கெட்டிலா, ரியல் எஸ்டேட்டிலா? மூணு விளையாட்டும் மூணு பதில் சொல்லும். வேடிக்கை என்னன்னா, மூணுக்கும் பின்னால் நிஜமான ரயில்வே வரலாறு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. எதைக் கணக்கில் எழுதுறோம், எதை எழுதாமல் விடுறோம் என்பதுதான் அந்த வரலாறே.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அட்டையில் ஓடின ரயில்

கம்ப்யூட்டருக்கு முன்னால் அட்டை விளையாட்டு. ஃபிரான்சிஸ் ட்ரெஷாம் என்ற பிரிட்டிஷ்காரர் 1974ல் '1829' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டார். ஸ்டீபன்சனின் ராக்கெட் இஞ்சின் ரெயின்ஹில் போட்டியில் ஜெயித்த வருஷம் அது, அதனால் அந்தப் பெயர். மேஜை மேல் பிரிட்டன் வரைபடம், அதில் தண்டவாளம் வரைஞ்ச அறுகோண அட்டைகள். தாயக்கட்டை கிடையாது. ஷேர் வாங்கணும், கம்பெனி நடத்தணும், கடைசியில் யார் கையில் சொத்து அதிகமோ அவர் ஜெயிச்சார்.

அதே ட்ரெஷாம் 1986ல் அமெரிக்காவில் அவலான் ஹில் கம்பெனிக்காக '1830' செய்து கொடுத்தார். இது அண்ணனைவிடப் பொல்லாத தம்பி. இதில் ரயில் வண்டிகள் காலாவதி ஆகும். யாராவது முதல் '4' ரக வண்டி வாங்கினதும் ஊரில் இருக்கிற '2' ரக வண்டி எல்லாம் ஒரே நொடியில் பேரீச்சம்பழத்துக்குப் போயிடும். வண்டி இல்லாத கம்பெனி புதுசு வாங்கியே ஆகணும். கம்பெனியிடம் காசு இல்லையா? தலைவர் தன் சொந்தப் பையிலிருந்து கொடுக்கணும்.

இங்கேதான் விளையாட்டு சூடு பிடிக்கும். நீங்கள் ரெண்டு கம்பெனிக்குத் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கம்பெனியின் நல்ல வண்டியை ரெண்டாவது கம்பெனிக்கு ஒரு டாலருக்கு விற்கலாம். சட்டப்படி சரி! அப்புறம் முதல் கம்பெனி ஷேர்களைச் சந்தையில் தள்ளிவிட்டால், அடுத்து அதிக ஷேர் வைத்திருக்கும் அப்பாவி தலைவர் ஆகிவிடுவார். காலிப் பெட்டியும் அவர் தலையில், புது வண்டி வாங்கும் செலவும் அவர் தலையில்.

ட்ரெஷாம் இதைக் கற்பனையில் பிடிக்கவில்லை. 1868ல் எரீ ரயில்வே சண்டை என்று ஒன்று நடந்தது. அந்த ரயில்வேயைக் கைப்பற்ற கார்னீலியஸ் வாண்டர்பில்ட் ஷேர் ஷேராக வாங்கிக்கொண்டே போனார். உள்ளே இருந்த டேனியல் ட்ரூ, ஜே கூல்ட், ஜிம் ஃபிஸ்க் மூணு பேரும் கடன் பத்திரங்களை ஷேராக மாற்றி மாற்றி அச்சடித்துச் சந்தையில் விட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் வாங்க வாங்க இவர்கள் அடித்தார்கள். கைது வாரண்ட் வந்ததும் மூணு பேரும் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்கு ஓடி அங்கே ஒரு ஹோட்டலில் உட்கார்ந்துகொண்டார்கள். இந்தக் கதையில் ரயில் எங்காவது ஓடிச்சா? அதான் விஷயமே.

ஷேர் மார்க்கெட் ரயில்

'1830' அவலான் ஹில்லில் தயாரானபோது அதில் வேலை பார்த்தவர் ப்ரூஸ் ஷெல்லி. அவர் பிறகு மைக்ரோப்ரோஸ் கம்பெனிக்குப் போனார். அங்கே சிட் மையர் மாடல் ரயில் மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு பேரும் சேர்ந்ததில் பிறந்தது 1990ன் ரெயில்ரோட் டைகூன். அடுத்த வருஷமே இதே ஜோடி சிவிலைசேஷன் செய்தது.

டாஸ் காலத்து விளையாட்டு. கையில் பத்து லட்சம் டாலர். கிழக்கு அமெரிக்கா, மேற்கு அமெரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பா என்று நாலு வரைபடம். தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, நிலக்கரியும் தபாலும் ஏற்றி, நூறு வருஷம் வரைக்கும் கம்பெனி நடத்தலாம். எதிராளிகள் வாண்டர்பில்ட், ஜே.பி. மார்கன் போன்ற நிஜப் பெயர்கள்.

கொஞ்ச நேரம் விளையாடினதுமே ஒண்ணு புரியும். வண்டி ஓட்டுவது பாதி வேலைதான். மீதி, கடன் பத்திரம் எப்போ வெளியிடுறது, எதிராளி ஷேரை எப்போ வாங்குறது என்பது. பாதிக்கு மேல் ஷேர் சேர்ந்தால் அவர் கம்பெனி உங்கள் கையில். அவர் கஷ்டப்பட்டுப் போட்ட தண்டவாளம் உங்களுக்கு. பாப்டாப் கம்பெனி 1998ல் செய்த இரண்டாம் பாகம் இன்னும் ஒரு படி மேலே போனது. கம்பெனி பணம் வேறு, உங்கள் சொந்தப் பணம் வேறு என்று பிரித்துவிட்டது. கடனுக்கு ஷேர் வாங்கலாம், கையில் இல்லாத ஷேரையும் விற்கலாம். ஷேர்ஹோல்டர்கள் கடுப்பானால் உங்களை நாற்காலியிலிருந்து தூக்கியும் விடுவார்கள்.

ஆக இந்தக் கணக்குப் புத்தகத்தின் பதில்: ரயில் கம்பெனிக்குக் காசு பணச்சந்தையிலிருந்து வருது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுக்கு இது ரொம்பப் பொருத்தம்.

ஆனால் இந்தப் புத்தகத்தில் ரெண்டு பக்கம் கிழிஞ்சிருக்கு.

முதலாவது, அரசாங்கம். அமெரிக்காவின் கண்டம் தாண்டிய ரயில் பாதைக்கு 1862 சட்டப்படி ஒரு மைல் பாதைக்குப் பத்து சதுர மைல் நிலம் இலவசம். 1864ல் அதை இருபதாக்கினார்கள். போதாக்குறைக்கு மைலுக்குச் சமவெளியில் 16,000 டாலர், மலையில் 48,000 டாலர் வரைக்கும் அரசுக் கடன் பத்திரம். மைல் கணக்கில் காசு என்றால் என்ன ஆகும்? யூனியன் பசிஃபிக் முதலாளிகள் க்ரெடிட் மோபிலியர் என்று கட்டுமானக் கம்பெனி ஒன்றைத் தாங்களே வைத்துக்கொண்டு, தங்கள் ரயில்வேக்குத் தாங்களே உப்பிப்போன பில் அனுப்பினார்கள். கேள்வி கேட்காமல் இருக்க எம்.பி.க்களுக்குச் சல்லிசாக ஷேர். 1872ல் பத்திரிகையில் நாறியது. '1830'ல் ஒரு டாலருக்கு வண்டி விற்கிற அதே வித்தை, திசை மட்டும் வேற. ரெயில்ரோட் டைகூனில் நீங்கள் இதைச் செய்யவே முடியாது. அங்கே பாலம் கட்ட என்ன செலவோ அதுதான் செலவு. அந்த வகையில் அது ரொம்ப யோக்கியமான விளையாட்டு :-)

ரெண்டாவது, கட்டணம். ஒரு மூட்டை கோதுமைக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதை விளையாட்டே முடிவு செய்யும், உங்கள் கையில் இல்லை. ஆனால் நிஜ அமெரிக்காவில் ரயில்வே அரசியல் என்றாலே கட்டணம்தான். போட்டி இருக்கிற பெரிய ஊர்களுக்கு நடுவில் மலிவு, ஒரே லைன் போகிற சின்ன ஊர் விவசாயிக்கு யானை விலை. தூரம் குறைவு, காசு அதிகம். 1870களில் விவசாயிகள் சங்கம் சேர்ந்து மாகாணச் சட்டங்கள் வாங்கினார்கள். 1887ல் இதற்கென்றே மத்திய அரசு ஒரு கமிஷன் வைத்தது. உச்சவரம்புக் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் அந்தக் கமிஷனுக்கு 1906ல்தான் கிடைத்தது. இருபது வருஷத்துக்கு மேல் இழுத்த சண்டை, விளையாட்டில் ஒரு பட்டன்கூட இல்லை. விவசாயி இல்லாத கணக்கு.

ரியல் எஸ்டேட் ரயில்

இப்போ ஜப்பான். ஆர்ட்டிங்க் கம்பெனி 1985லேயே ஏ-ட்ரெயின் வரிசையை ஆரம்பித்துவிட்டது. பெயர், ட்யூக் எலிங்டன் குழு வாசித்துப் புகழ்பெற்ற ஜாஸ் பாட்டிலிருந்து வந்தது. மூன்றாம் பாகத்தை 1992ல் மாக்சிஸ், அதான் சிம்சிட்டி கம்பெனி, அமெரிக்காவில் கொண்டுவந்தது.

ரெயில்ரோட் டைகூன் ஆடிப் பழகினவர் ஏ-ட்ரெயினில் உட்கார்ந்தால் திருதிருவென்று முழிப்பார். கூட்ஸ் வண்டியில் போவது விற்பனைச் சரக்கு இல்லை, கட்டடம் கட்டுற சாமான். அதைக் கொண்டுபோய் ஸ்டேஷன் பக்கத்தில் இறக்கினால் வீடு முளைக்கும், கடை முளைக்கும். ஊர் வளர்ந்தால் பயணிகள். வெறும் டிக்கெட்டை நம்பினால் கம்பெனி தேறாது. ஸ்டேஷன் வருவதற்கு முன்னாலேயே பக்கத்து நிலத்தை வாங்கிப்போட்டு, அடுக்குமாடி, ஹோட்டல், கோல்ஃப் மைதானம் என்று கட்டி, வாடகை வாங்கியோ நல்ல விலைக்குத் தள்ளியோதான் பிழைக்கணும். எதிராளி ரயில் கம்பெனி என்று யாரும் இல்லை. உங்கள் எதிரி வரியும் வட்டியும்தான்.

இது என்ன ரயில் விளையாட்டு என்று தோணும். ஆனால் ஜப்பான்காரருக்கு இதுதான் ரயில். காரணம் கோபயாஷி இச்சிஸோ என்ற ஒரு மனுஷர்.

மிட்சுயி வங்கியில் வேலை பார்த்தவர் அவர். ஒசாகாவின் உமேடாவிலிருந்து தகராஸுகாவுக்கு மின்சார ரயில் விடும் கம்பெனி ஒன்றைப் பிடித்தார். பின்னாளில் ஹன்க்யூ ஆன கம்பெனி. அந்தப் பாதை போவது வயல் வழியாக. அங்கே யார் ஏறுவார்கள்? கோபயாஷி பார்த்தார், ஏறுவதற்கு ஆள் இல்லையென்றால் ஆளைக் குடிவைக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். பாதையோரம் நிலம் வாங்கினார். 1910ல் ரயில் ஓட ஆரம்பித்த அதே வருஷம் இகேடாவில் வீடுகளை மாதத் தவணையில் விற்றார். சம்பளக்காரர் வாங்கக்கூடிய வீடு, ஆபீசுக்குப் போக ரயில்.

காலையில் ஊருக்குள் போகும் வண்டி நிறையும், எதிர்த்திசையில் காலியாகப் போகுமே? அதற்கும் வழி செய்தார். பாதையின் மறுகோடியில் மிருகக்காட்சி சாலை, வெந்நீர்க் குளியல் விடுதி. 1914ல் பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராஸுகா நாடகக் குழுவின் முதல் நிகழ்ச்சி. அந்தக் குழு நூறு வருஷம் தாண்டியும் அரங்கம் நிறைய ஓடுது. 1929ல் உமேடா ஸ்டேஷன் மேலேயே டிபார்ட்மென்ட் ஸ்டோர். வீட்டை விற்று, ஆபீசுக்கு அனுப்பி, வரும் வழியில் சாமான் விற்று, லீவு நாளில் நாடகமும் காட்டியாச்சு. மனுஷர் பயணி பர்ஸின் எந்த மூலையையும் விடவில்லை.

மற்ற தனியார் ரயில்வேக்களும் இதே வழியில் போயின. ஏ-ட்ரெயின் கணக்குப் புத்தகத்தின் பதில்: காசு தண்டவாளத்தில் இல்லை, தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. ரயில் வந்ததால் ஏறின நிலமதிப்பு ரயில்காரனுக்கே வருது. நிறைய நாடுகளில் ரயிலுக்குச் செலவு அரசுடையது, ஏறின நிலமதிப்பு முந்திக்கொண்டு வாங்கிப்போட்டவருடையது. அந்த வித்தியாசத்தை இந்த விளையாட்டு மாதிரி உறைக்கிறபடி எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

வண்டிக்கு வண்டி கணக்கு

மூணாவது, 1994ல் வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன். ஸ்காட்லாந்துக்காரரான க்ரிஸ் சாயர் அசெம்பிளி மொழியில் எழுதினது. அடுத்த வருஷம் டீலக்ஸ். பிறகு லுட்விக் ஸ்ட்ரிகியஸ் அதைப் பிரித்து மேய்ந்து புதுசாக எழுத, 2004ல் ஓப்பன்டிடிடி வந்தது. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், இன்றைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கு.

இதன் பொருளாதாரம் ஒரே வரியில் முடிஞ்சுடும். எவ்வளவு சரக்கு, ஏறின இடத்துக்கும் இறங்கின இடத்துக்கும் எவ்வளவு தூரம், எத்தனை நாளாச்சு. தண்டவாளத்தைச் சுத்தி வளைத்துப் போட்டால் கூடுதல் காசு கிடையாது. ஆனால் பக்கத்திலேயே அனல் மின்நிலையம் இருக்க, வரைபடத்தின் மறுகோடியில் இருக்கிற மின்நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோனால் நல்ல லாபம்! வாங்குகிறவர் ஏன் என்று கேட்கவே மாட்டார். ஷேர் மார்க்கெட் பேருக்கு. உண்மையான விளையாட்டு ஜங்ஷன் வடிவமைப்பும் சிக்னலும்தான். எந்த வண்டி எங்கே காத்திருக்கணும், எது முந்தணும் என்று பார்ப்பதில் ராத்திரி போவதே தெரியாது.

இதில் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி லாப நஷ்டம் காட்டும். பட்டியலில் சிவப்பாக இருக்கும் வண்டியைக் கண்டால் கை பரபரக்கும். விற்று, லைனைப் பெயர்த்து, ஸ்டேஷனை இடித்துவிட்டு அடுத்த வேலை. ஊர்க்காரர்கள் கோபப்பட்டால் நாலு மரம் நட்டால் சரியாகிவிடும்.

இதையே நிஜத்தில் செய்தவர் ஒருத்தர் உண்டு. டாக்டர் ரிச்சர்ட் பீச்சிங். பிரிட்டிஷ் ரயில்வே 1948ல் அரசுடைமை ஆனது. நஷ்டம் கூடிக்கொண்டே போக, ரசாயனக் கம்பெனியிலிருந்து அவரைக் கூட்டிவந்தார்கள். 1963ல் அறிக்கை கொடுத்தார். 2,363 ஸ்டேஷன்களை மூடு, சுமார் 5,000 மைல் பாதையை எடு. அவர் காட்டிய காரணம் வலுவானதுதான்: குறைவாகப் பயன்படும் பாதி ஸ்டேஷன்கள் சேர்ந்து பயணிகள் வருமானத்தில் 2 சதவீதம்தான் கொடுத்தன.

எதிர்த்தவர்கள் ரெண்டு விஷயம் சொன்னார்கள். ஒண்ணு, கணக்கெடுத்தது 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம். கோடை விடுமுறையில் நிரம்பி வழியும் கடற்கரை ஊர் ஸ்டேஷன்கள் அந்தக் கணக்கில் வெறிச்சோடித்தான் தெரியும். ரெண்டு, கிளைப் பாதையில் ஏறுகிறவர் அங்கேயே இறங்கப் போவதில்லை. மெயின் லைனில் மாறி லண்டன் போகிறார். கிளைப் பாதை அவரைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு என்ன கூலி? கிளையை மூடினால் அவர் மெயின் லைனுக்கும் வராமல் கார் வாங்கிவிட்டால்?

ஓப்பன்டிடிடியில் 'டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு ஆணை இருக்கு. சின்ன வண்டி ஒன்று கிராமத்திலிருந்து சரக்கைக் கொண்டுவந்து பெரிய ஜங்ஷனில் இறக்கும், அங்கிருந்து பெரிய வண்டி எடுத்துப்போகும். நிஜப் பணம் கடைசி வண்டி போய்ச் சேரும்போதுதான் கம்பெனிக்கு வருது. ஆனால் சின்ன வண்டியின் கணக்கில் அதன் பங்கை உடனே எழுதிவிடும். சில சமயம் பங்கு போக மீதியில் கடைசி வண்டி நஷ்டத்தில்கூட நிற்கும். கம்பெனிக்கு மொத்த வரவு ஒரு பைசா மாறவில்லை. எந்த வண்டி சிவப்பு, எந்த வண்டி பச்சை என்பது மட்டும் மாறிடுச்சு.

பீச்சிங் விவகாரத்தின் சாரம் இதுதான். ஒரு கிளைப் பாதை நஷ்டமா லாபமா என்பது, பங்கு பிரிக்கிறவர் பேனாவில் இருக்கு. எடின்பரோவிலிருந்து எல்லைப்புற ஊர்கள் வழியாகப் போன வேவர்லி பாதையை 1969ல் மூடினார்கள். 2015ல் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் போட்டு ரயில் விட்டார்கள். நடுவில் 46 வருஷம். விளையாட்டில் இடித்ததைத் திரும்பக் கட்ட ஒரு நிமிஷம் போதும். அந்த ஊர்களில் ஒரு தலைமுறையே ஸ்டேஷன் இல்லாமல் வளர்ந்து முடிந்தது.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத பக்கம்

பின்னால் வந்தவை சில ஓட்டைகளை அடைத்தன. 2003ன் ரெயில்ரோட் டைகூன் மூன்றாம் பாகத்தில் சரக்குக்கு இடத்துக்கு இடம் விலை உண்டு. நீங்கள் ரயில் விடாவிட்டாலும் அது மெதுவாக விலை அதிகமான பக்கம் தானே நகரும். 2014ல் ஓப்பன்டிடிடியில் பயணிக்குப் போய்ச் சேரும் ஊர் என்று ஒன்று வந்தது. எங்கே இறக்கிவிட்டாலும் வாயை மூடிக்கொண்டு இறங்கின காலம் முடிந்தது.

ஆனால் ஒரு பக்கத்தை நான் ஆடின எதிலும் பார்த்ததில்லை. அது நம்ம ஊர் ரயில்வேயின் பக்கம்.

1849ல் கிழக்கிந்தியக் கம்பெனி லண்டன் ரயில் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. போட்ட முதலுக்கு வருஷம் 5 சதவீதம் உத்தரவாதம். நிலம் இலவசம். வருமானம் அந்த அளவுக்கு வராவிட்டால் குறைகிற தொகையை அரசாங்கம் கொடுக்கும், அதாவது இந்தியாவில் வரி கட்டுகிறவர். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை ஓட்டிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனியும் இப்படி உத்தரவாதத்தில் வந்ததுதான். செலவைக் குறைத்தாலும் 5 சதவீதம், தாராளமாகச் செலவழித்தாலும் 5 சதவீதம் என்றால் எவர்தான் சிக்கனம் பிடிப்பார்? இது கட்டுப்படியாகாது என்று தெரிந்து 1869 வாக்கில் அரசாங்கம் தானே பாதை போட இறங்கியது.

இதை விளையாட்டாக்கிப் பாருங்கள். தோற்கவே முடியாது. எங்கே பாதை போட்டாலும், வண்டி காலியாக ஓடினாலும் வருஷக் கடைசியில் காசு வந்துவிடும். அரை மணி நேரத்தில் கொட்டாவி வரும். விளையாட்டு என்றால் கை சுடும் என்ற பயம் வேணும். ராயபுரத்தில் ரயில் விட்ட லண்டன் முதலாளிக்கு அந்தப் பயம் இல்லை. சுடுகிற கை வேறொருத்தருடையது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எந்தப் பலகையிலும் ஆட்டக்காரராக உட்காரவில்லை.

சரி, கடைசியில் எதை ஆடலாம் என்று கேட்கிறவர்களுக்கு: முதலாளிகள் எப்படி யோசித்தார்கள் என்று தெரிஞ்சுக்கணும்னா, மூணு நாலு பேரைச் சேர்த்து '1830'. ஒரு ஊர் ரயிலால் எப்படி வளருதுன்னு பார்க்க ஏ-ட்ரெயின். ராத்திரி தூக்கம் வேண்டாம்னா ஓப்பன்டிடிடி. எதை ஆடினாலும், வருஷக் கடைசியில் சிவப்பாக இருக்கிற அந்தச் சின்ன வண்டியை விற்கும் முன்னாடி, அது யாரைக் கொண்டுவந்து எந்த வண்டியில் ஏத்திவிடுதுன்னு ஒரு தடவை பார்த்துடுங்க.